திறந்த மூலநிரலும் மாறாத வரலாற்றுச் சட்டகமும்: '0 ஏ.டி.' விளையாட்டு

'0 ஏ.டி.' பண்டைய நாகரிகங்களைக் களமாகக் கொண்ட நிகழ்நேர வியூகக் கணினி விளையாட்டு ஆகும். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் மாற்றுவடிவமாக 2001இல் கருக்கொண்ட இது, பின்னர்த் தனி விளையாட்டாக உருப்பெற்றது. 2009இல் வைல்ட்ஃபயர் கேம்ஸ் குழு இதன் மூலநிரலைக் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. நிரலாளர், ஓவியர், வரலாற்று ஆர்வலர் எனப் பல நாட்டுத் தன்னார்வலரின் உழைப்பில் இது வளர்ந்துவருகிறது.

இக்கூட்டுழைப்பின் பயன் உள்ளடக்கத்தில் புலப்படுகிறது. கிரேக்கர், உரோமரோடு மௌரியர், குஷ் நாட்டார், ஹான் சீனர் ஆகியோரும் தத்தமக்குரிய கட்டடங்களுடனும் படைப்பிரிவுகளுடனும் இடம்பெறுகின்றனர்.

எனினும், உணவு, மரம், கல், உலோகம் ஆகியவற்றைத் திரட்டுதல், சிற்றூர், பேரூர், நகரம் என உயர்தல், படைகொண்டு வெல்லுதல் என்னும் ஒரே பாதையிலேயே அனைவரும் செல்கின்றனர். அதிசயக் கட்டடம் எழுப்பி வெல்லும் முறையும் இவ்வடித்தளத்திலேயே நிற்கிறது. கலிங்கப் போருக்காக வருந்தியதை 13ஆம் பாறைக் கல்வெட்டில் பதிவுசெய்த அசோகர் இங்குப் போர்த்தலைவர். அவருடைய தூண் ஆட்டத்திற்கு நன்மை தரும் ஒரு கட்டடம். வருத்தத்திற்கு விதிகளில் இடமில்லை.

இக்குறை தன்னார்வலரின் வரலாற்று அறியாமையால் விளைந்ததன்று. வணிக விளையாட்டுகளிடமிருந்து பெற்ற வகைமை மரபால் விளைந்தது. அம்மரபை மாற்ற உரிமம் தடையன்று. விளையாடுவோரின் பழக்கமும் நாகரிகங்களுக்கிடையிலான சமநிலைத் தேவையுமே தடைகள். ஆகவே, மூலநிரல் திறந்ததனாலேயே வரலாற்றுப் பார்வையும் திறந்துவிடுவதில்லை. திருத்தும் உரிமை உருவங்களைக் கடந்து விதிகளையும் தொடும்போதே அம்மாற்றம் நிகழும்.