விசுவாசக் குறைவு யாருடையது?
குணமாக்கும் அற்புதங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

நல்லடக்க ஆராதனை ஒன்றை முடித்துக் கல்லறைத் தோட்டத்தினின்று திரும்புகையில், இறந்தவரின் மனைவி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கல்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது அது. கணவர் நோயுற்றிருந்த மாதங்களில் அவ்வம்மையார் பல செபக் கூட்டங்களுக்குச் சென்றிருந்தார். ஒரு கூட்டத்தில், முழு விசுவாசம் இருந்தால் நோய் நிற்காது என்று சொல்லியனுப்பினார்கள். கணவரோ இறந்துபோனார். தாம் இன்னும் சற்று விசுவாசித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதே அவ்வம்மையாரின் கேள்வி. கணவரை இழந்த துயரத்தோடு, அவர் சாவுக்குத் தாமே காரணம் என்னும் குற்றவுணர்வையும் அவர் சுமந்துகொண்டிருந்தார். இரண்டாவது சுமையை அவர்மீது ஏற்றியது திருமறையா, அல்லது திருமறையை நாம் படிக்கும் முறையா என்பதை ஆராய்வது நம் கடமை.

1. ஒரு கிரேக்கச் சொல், மூன்று தமிழ்ச் சொற்கள்

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள பெண்ணும் ஒரே கதைக்குள் பின்னப்பட்டுள்ளனர். அங்கே ‘சோட்சோ’ என்னும் கிரேக்க வினை மும்முறை வருகின்றது. நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு அதனைத் தகப்பனின் வேண்டுகோளில் ‘ஆரோக்கியம்’ என்றும் (5:23), பெண்ணின் உள்ளத்து எண்ணத்தில் ‘சொஸ்தம்’ என்றும் (5:28), ஆண்டவரின் வாக்கில் ‘இரட்சித்தல்’ என்றும் (5:34) பெயர்த்துள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், கடைசி இடத்திலும் உடல்நலத்தைக் குறிக்கும் சொல்லையே தெரிந்துகொண்டது.

இரு மொழிபெயர்ப்பும் பிழையல்ல, இரண்டும் குறைவானவை. தமிழில் ஆரோக்கியம் உடலுக்கும் இரட்சிப்பு ஆன்மாவுக்கும் உரியனவாகிவிட்டன. மூலத்திலோ அப்பிரிவினை இல்லை. அப்பெண் நாடியது உடல்நலம். அவர் பெற்றதோ அதனினும் மிகுதி. பன்னிரண்டு ஆண்டுகள் தீட்டென ஒதுக்கப்பட்டவர், மக்கள் திரளின் நடுவே மகள் என்று அழைக்கப்பட்டார். நோய் நீங்கியது 29ஆம் வசனத்திலேயே முடிந்துவிட்டது. பின்னும் ஆண்டவர் அவரைத் தேடி நின்றது, நோய் நீங்குதலோடு மீட்பு முடிவதில்லை என்பதனாலன்றோ?

விசுவாசம் மீட்டது என்னும் இவ்வாக்கினையே லூக்கா 7:50இல் ஒரு பெண் கேட்கிறார். அவருக்கு நோய் எதுவும் சொல்லப்படவில்லை. அவர் பெற்றது பாவமன்னிப்பு. ஆகவே விசுவாசத்தின் அளவைக் காட்டும் அளவுகோலாக உடல்நலத்தைக் கொள்வதற்கு இவ்வாக்கு இடந்தருவதில்லை.

2. குற்றஞ்சாட்டப்பட்டவர் யார்?

‘அற்பவிசுவாசிகள்’ என்னும் சொல் மத்தேயுவில் யாரை நோக்கி வருகின்றது எனத் தேடிப் பார்த்தல் வேண்டும் (6:30, 8:26, 14:31, 16:8, 17:20). உணவுக்கும் உடைக்கும் கவலைப்படுகிற சீடரை, புயலில் அஞ்சிய சீடரை, அலைமேல் தடுமாறிய பேதுருவை, அப்பத்தைப் பற்றிப் பேசிய சீடரை, ஒரு சிறுவனைக் குணமாக்க இயலாத சீடரை நோக்கியே வருகின்றது. நோயாளி ஒருவரை நோக்கி அது ஒருபோதும் சொல்லப்படவில்லை. கடைசி நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. அங்கே குணமாக்குதல் தவறியது. தவறுக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது குணமாக்க வந்தவர்களின் விசுவாசக் குறைவு. இன்றைய மேடைகளில் இது தலைகீழாக்கப்படுகின்றது. குணமானால் புகழ் ஊழியருக்கு. குணமாகாவிட்டால் பழி நோயாளிக்கு.

இதற்கு மறுப்பாக நாசரேத்து நிகழ்ச்சியைக் காட்டுவோர் உண்டு (மாற்கு 6:1-6). அங்கே அவிசுவாசத்தால் பல அற்புதங்கள் நிகழவில்லை என்பது மெய். ஆயினும் அது யாருடைய அவிசுவாசம்? தச்சன்தானே என்று இடறலடைந்த ஊராருடையது. அவ்வூரிலும் சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு கூறுவதைப் பலரும் வாசிக்காமல் கடந்துவிடுகின்றனர்.

விசுவாசத்தைத் தாங்கி நின்றவர் நோயாளியாகவே இருக்கவேண்டுமென்ற நியதியும் இல்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரரின் கதையில், ஆண்டவர் கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தவர், தம்மைக் குணமாக்கியவர் யாரென்றே அறியார். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்துத் தகப்பனோ நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டார். அந்தப் பாதி விசுவாசமும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. லீஸ்திராவில் சப்பாணியின் விசுவாசத்தைப் பவுல் கண்டார் என்பதும் (அப். 14:9) திருமறைதான், அதை மறைத்தல் நேர்மையன்று. நோயாளியின் விசுவாசத்தைத் திருமறை பாராட்டுகின்றது. அதைக் குணமாவதற்குரிய விலையாக வசூலிப்பதில்லை.

குணமாகாதவர்களைப் பற்றியும் அப்போஸ்தலர் மௌனம் சாதிக்கவில்லை. பவுலின் முள் நீக்கப்படவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சரசம் பரிந்துரைக்கப்பட்டது. துரோப்பீமு மிலேத்துவில் நோயாளியாகவே விடப்பட்டார் (2 தீமோ. 4:20). இவர்களுள் எவரையும் விசுவாசமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை.

3. நெய்யூர் தரும் விளக்கவுரை

நம் மாவட்டத்திற்கு இப்பொருளில் தனியொரு சாட்சியம் உண்டு. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப்பின் வந்த லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ, நம் மக்களையே மருத்துவ ஊழியராகப் பயிற்றுவித்தார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற ஹோவர்ட் சாமர்வெல், முதற்பயணம் முடிந்து நெய்யூருக்கு வந்து நோயாளர் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த உயர்வை விட்டுவிட்டு இங்கே அறுவை மருத்துவராக வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். குடற்புண் நோய்க்கான அறுவையில் அம்மருத்துவமனை பெயர்பெற்றது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையாரின் கேதரின் பூத் மருத்துவமனை எழுந்தது. இரட்சிப்பைப் பெயரிலேயே தாங்கிய ஓர் இயக்கம் மருந்துச் சாலையையும் நடத்தியது ‘சோட்சோ’ என்னும் சொல்லுக்குச் சிறந்த விளக்கவுரை அல்லவா?

இம்மருத்துவர்கள் அற்புதத்தை நம்பாததால் கத்தியை எடுத்தவர்கள் அல்லர். லூக்கா பத்தாம் அதிகாரத்துச் சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைப் போன்றே அவர்கள் செய்தனர். யாக்கோபு 5:14இல் மூப்பர் பூசும் எண்ணெயைச் சடங்கு என்று மட்டும் கொள்வோர், அக்காலத்தில் எண்ணெய் மருந்தாகவும் வழங்கியதை மறந்துவிடக் கூடாது.

ஆயினும் நெய்யூரின் மரபைப் பெற்ற நாம் செய்த பிழையொன்றையும் அறிக்கையிடல் வேண்டும். உடலை மருத்துவமனைக்கும் ஆன்மாவை ஆலயத்திற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். மின்விளக்கையும் மருந்தையும் பயன்படுத்துகிற மனிதர் புதிய ஏற்பாட்டின் அற்புத உலகை நம்ப இயலாது என்னும் பொருளில் 1941இல் புல்ட்மன் எழுதியதை வகுப்பறையில் படித்தோம். நோயாளியின் கட்டிலருகே சுருக்கமாகச் செபித்துவிட்டு விரைந்தோம். அந்த வெற்றிடத்திலேதான் சுகமளிக்கும் கூட்டங்களின் பந்தல்கள் எழுந்தன. அங்கே செல்லும் நம் மக்களைக் கடிந்துகொள்ளுமுன், அவர்கள் நம்மிடம் எதைத் தேடி வந்து கிடைக்காமற் போனார்கள் என்று கேட்பது நலம்.

4. பத்துப் பேரில் ஒருவர்

லூக்கா 17இல் வரும் பத்துப் பேரும் சுத்தமானார்கள். திரும்பி வந்த சமாரியருக்கு மட்டுமே விசுவாசம் மீட்டது என்னும் வாக்கு உரைக்கப்பட்டது. அங்கே சுத்தமாகுதல், குணமாகுதல், மீட்கப்படுதல் என மூன்று வினைகள் படிப்படியாக வருகின்றன (17:14, 15, 19). ஒன்பது பேரும் நலம் பெற்றனர்; நலமும் மீட்பும் ஒன்றே எனின் பத்தாமவருக்குத் தனியாகச் சொல்ல என்ன இருந்தது?

லேவியராகமத்துத் ‘தொழுநோய்’ ஆடையிலும் சுவரிலும் கூடத் தோன்றுவது (அதி. 13–14), 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோயோடு அதை ஒன்றாக்குவது சரியன்று. ஆனால் ஒதுக்கப்படுதல் இரண்டுக்கும் பொது. 1982இல் உலக நல நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் இந்நோய் முற்றிலும் குணமாகக் கூடியதாயிற்று. எனினும், மாத்திரையால் குணமானவருக்கு வீட்டுத் திண்ணையிலும் ஆலயத்துப் பாயிலும் இடம் மறுக்கப்பட்டதை நம்மில் மூத்தோர் அறிவர். ஆசாரியருக்குக் காண்பியுங்கள் என்னும் கட்டளை, குணமானவரைச் சமூகம் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்னும் கட்டளையுமாகும். மருந்து தன் வேலையை முடித்தபின்னும் சபையின் வேலை முடியவில்லை.

முடிவாக

யாக்கோபு 5:14-15ஐ மீண்டும் வாசிப்போம். நோயாளி செய்யவேண்டியதாக அங்கே சொல்லப்படுவது ஒன்றே: மூப்பரை வரவழைத்தல். விசுவாசமுள்ள செபம் மூப்பருடையது. படுத்திருப்பவர் விசுவாசிக்க வலுவற்றிருக்கும்போது அவருக்காக விசுவாசிப்பது சபையின் பொறுப்பு. அங்கே எழுப்புதலைக் குறிக்கும் வினை உயிர்த்தெழுதலுக்கும் வழங்குவது. ஆதலால் படுக்கையினின்று எழாதவரும் அவ்வாக்குறுதிக்குப் புறம்பானவர் அல்லர்.

கல்லறைத் தோட்டத்து வழியில் அவ்வம்மையாருக்கு இவ்வளவு விளக்கமும் சொல்லவில்லை. உங்கள் விசுவாசம் குறைவுபடவில்லை, அம்மா. உங்களோடு சேர்ந்து சுமக்கவேண்டிய நாங்கள்தாம் தாமதித்து வந்தோம் என்று மட்டும் சொன்னேன். போதகராகப் போகும் மாணவர்கள் கிரேக்க வினையின் வடிவங்களை மறந்தாலும் பெரிய நட்டமில்லை. நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது, விசுவாசக் குறைவு என்னும் குற்றச்சாட்டு சீடர்களை நோக்கியே சொல்லப்பட்டது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.