மிடில் கிராமத்துக் குடியானவர் காட்டிய வழி

இங்கிலாந்தின் பழைய குடியானவர் குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி இனிமேல் வெறும் தேடுகிற வேலையாகிவிட்டது என்றும், பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் விவாகப் பதிவேடுகளும் அடக்கப் பதிவேடுகளும் கணிப்பொறியில் ஏறிவிட்டபடியால் 1538 வரையில் எந்த உழவனுடைய வம்சத்தையும் ஒரு மாலைப்பொழுதில் வரைந்துவிடலாம் என்றும் இந்நாளில் பலர் சொல்லி வருகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறு. 1538 என்பது பதிவேடு வைக்கும்படி தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்ட ஆண்டே தவிர, பதிவேடுகள் நமக்குக் கிடைக்கத் தொடங்குகிற ஆண்டன்று. காகிதத்தில் எழுதப்பட்ட அந்த முதல் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. 1598-இல் அவற்றைத் தோல் ஏடுகளில் படியெடுக்கும்படி ஆணை பிறந்தபோது, எலிசபெத் அரசியார் பட்டமேறிய 1558-லிருந்து எடுத்தால் போதும் என்று குருமார்கள் பலர் நிறுத்திக்கொண்டார்கள். 1640-களின் உள்நாட்டுப் போரிலோ எழுத ஆளின்றி எத்தனையோ ஏடுகள் வெறுமையாகக் கிடந்தன.

ஆனால் ஏடுகள் அழிந்தது அத்தனை பெரிய குறையன்று. அவை அனைத்தும் ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் கிடைத்திருந்தாலும் அவற்றிலிருந்து தேதிகள் கிடைக்குமே யொழியக் குடும்பம் கிடைக்காது. ஞானஸ்நானக் குறிப்பில் தந்தையின் பெயர் இருக்கும், தாயின் பெயர் பெரும்பாலும் இராது. அடக்கம் செய்யப்பட்ட ஜான் என்பவன் பாட்டனா, பேரனா, பிறந்த மூன்றாம் நாள் இறந்த சிசுவா என்று தெரியாது. மணமாகிப் பக்கத்துப் பங்குக்குப் போன பெண் அந்தக் கணமே ஏட்டை விட்டு மறைந்துவிடுகிறாள். இந்தத் துணுக்குகளைக் குடும்பப் பெயர் என்னும் ஒரே நூலில் கோத்து மேலே மேலே ஏறுவதையே வம்ச சரித்திரம் என்று கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால்தான் இந்தத் துறை நடந்து வந்த பாதையும் அது தவறிய இடமும் விளங்கும்.

அந்தப் பழக்கம் பிரபுக்களுடையது. 1530 முதல் 1680-கள் வரையில் அரச சின்ன அதிகாரிகள் மாவட்டந்தோறும் சுற்றி, கேடயச் சின்னம் தரிக்க உரிமையுள்ளவர் யார் என்று விசாரித்து எழுதிய வம்சாவளிகளே அதற்கு மூலம். பட்டமும் எஸ்டேட்டும் மூத்த மகனுக்குப் போகிற குலத்துக்கு அந்த நேர்க்கோடு பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய ஹார்லியன் சங்கம் முதலியவை அந்த வம்சாவளிகளையே அரும்பாடுபட்டு அச்சிட்டன. உழுதவன் அவற்றில் இடம் பெறவேண்டுமானால் முதலில் கனவானாக உயர்ந்தாக வேண்டும். 1912-இல் டானி எழுதிய பெருநூலும் 1942-இல் மில்ட்ரெட் காம்பெல் யோமன் எனப்பட்ட வசதியுள்ள உழவர் வகுப்பைப் பற்றி எழுதிய நூலும் உழவனைச் சரித்திரத்துக்குள் கொண்டுவந்தன என்பது உண்மை. எனினும் அவற்றில் வருபவன் ஒரு வகுப்பின் பிரதிநிதியே தவிர, ஒரு வீட்டின் மனிதன் அல்லன். பார்க்ஷையரில் ஹார்வெல் என்ற ஊரில் 1610 முதல் 1620 வரை ராபர்ட் லோடர் எழுதிய பண்ணைக் கணக்கை 1936-இல் ஃபஸல் பதிப்பித்தார். வேலைக்காரன் ஒருவனை வைத்துச் சோறு போட ஆண்டுக்கு என்ன செலவாகிறது என்பதுவரை கணக்கிட்ட அந்த இளம் உழவனிடம் பின்வந்தவர்கள் கோதுமை விளைச்சலையும் வாற்கோதுமை விளைச்சலையும் கேட்டார்களே தவிர, அவன் யாரோடு வாழ்ந்தான் என்பதைக் கேட்டவர்கள் வெகு சிலர்.

1964-இல் பீட்டர் லாஸ்லெட்டும் ரிக்லியும் கேம்பிரிட்ஜில் அமைத்த மக்கள்தொகை ஆராய்ச்சிக் குழுவைப் பற்றி எனக்கு மரியாதையும் மனத்தாங்கலும் ஒருங்கே உண்டு. ஊர்தோறும் இருந்த தொண்டர்களைக்கொண்டு பதிவேடுகளை எண்ணச் செய்து, 404 பங்குகளின் கணக்கிலிருந்து 1541-க்கும் 1871-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தின் ஜனத்தொகையை 1981-இல் அவர்கள் மீட்டெடுத்துத் தந்தது மகத்தான காரியம். ஆங்கிலக் குடியானவன் தன் கிராமத்தைவிட்டு நகராதவன் என்ற வெகுநாளைய மூடநம்பிக்கையை உடைத்தவரும் லாஸ்லெட்தான். நாட்டிங்ஹாம்ஷையரின் கிளேவொர்த் என்ற ஊரில் பங்குக் குரு 1676-லும் 1688-லும் எடுத்த இரண்டு ஜாபிதாக்களை அவர் ஒப்பிட்டபோது, முதலாவதில் இருந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இரண்டாவதில் இல்லை. சிலர் இறந்திருந்தார்கள், மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஆனால் இதே குழுவினர் டெவன்ஷையரின் கோலிட்டன் போன்ற ஊர்களில் குடும்பங்களைப் பதிவேட்டிலிருந்து மீட்டமைத்தபோது, முறையின் இயல்பினாலேயே, பிறந்து மணந்து இறந்த இடம் ஒன்றாகவே அமைந்த சிறுபான்மையோரே கணக்கில் நின்றார்கள். போனவர்கள் அட்டவணைக்கு வெளியே விழுந்தார்கள். கிளேவொர்த்தின் பாடத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்த வெளியே விழுந்தவர்களே ஊரின் பெரும்பகுதி.

இதனினும் பெரிய பிழை 1978-இல் நேர்ந்தது. எஸ்ஸெக்ஸின் ஏர்ல்ஸ் கோல்ன் கிராமத்து ஆவணங்களை வருஷக்கணக்காக ஆராய்ந்த ஆலன் மக்ஃபார்லேன், ஆங்கிலேயன் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டே தனிமனிதன் என்றும், நிலத்துக்கும் அவன் குடும்பத்துக்கும் வேரோடிய பந்தம் ஒன்றும் இருந்ததில்லை என்றும் ஒரு வாதத்தை எழுப்பினார். நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது என்பதே அதன் ஆதாரங்களில் முக்கியமானது. நிலம் கைமாறியது உண்மைதான். ஆனால் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு? ஹேல்ஸோவென் என்ற ஊரின் இடைக்கால மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்களை ஆராய்ந்த ஸ்வி ராஸி, வேறு குடும்பப் பெயர் தரித்தவனிடம் போனதாகத் தோன்றிய நிலம் பல சமயங்களில் மருமகனுக்கும் பெண்வழி உறவினனுக்குமே போயிருக்கிறது என்று காட்டினார். குடும்பப் பெயரை மட்டும் பின்தொடர்கிறவனுக்கு நிலம் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகத் தெரியும். மகளைப் பின்தொடர்கிறவனுக்கு அது அதே அடுப்பங்கரையைச் சுற்றி நிற்பது தெரியும். கணிப்பொறியில் வம்சக்கொடி வரைகிறவரும், தனிமனித வாதம் செய்த அறிஞரும் இந்த ஓரிடத்தில் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1948-இல் ஆங்கில உள்ளூர் வரலாற்றுத் துறைக்குத் தலைமையேற்ற ஹாஸ்கின்ஸே வேறு பாதையைத் திறந்தார். விக்ஸ்டன் மாக்னா என்ற ஒரே கிராமத்தைப் பற்றி அவர் 1957-இல் வெளியிட்ட நூல் நிலத்திலிருந்து தொடங்கி மனிதர்களிடம் வருகிறது. 1974-இல் மார்கரெட் ஸ்பஃபோர்டு கேம்பிரிட்ஜ்ஷையரின் மூன்று ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். சுண்ண மண்ணில் தானியம் விளைந்த சிப்பனத்தில் நடுத்தரக் குடியானவர் பெருநிலத்தார் கையில் நிலத்தை இழந்தனர். களிமண் பூமியான ஆர்வெலில் இளைய மகன்களுக்கும் ஏதாவது வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற தகப்பன்மாரின் கவலையே குடும்பத்தின்மேல் பாரமாக விழுந்தது. சதுப்பு நிலத்து வில்லிங்கத்திலோ, பசு மேய்க்கப் பொதுநிலம் இருந்தபடியால் சிறு துண்டுகளை வைத்துக்கொண்டே மக்கள் பிழைத்தனர். மண் மாறினால் குடும்பத்தின் கதி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் நிறுவியதில்லை. அவர் ஆதாரமாகக் கொண்டவை உயில்களும் சொத்து ஜாபிதாக்களும் மேனர் ஆவணங்களும். 1529-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவன் இறந்தால் அண்டை வீட்டார் சிலர் அவன் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்திலிருந்து தொடங்கி அறை அறையாக நடந்து, பித்தளைப் பாத்திரம், படுக்கை, பால்பண்ணைச் சாமான், கொட்டிலில் நின்ற மாடு, வயலில் நின்ற பயிர், வரவேண்டிய கடன் என்று விலைபோட்டு எழுதுவார்கள். பொருள்களைப் போலவே மதிப்பிட்டவர்களின் பெயர்களும் முக்கியமானவை. இறந்தவனுடைய சுற்றம் யாரென்று அவை சொல்லும்.

அதே 1974-இல் லெஸ்டர் மரபில் வந்த டேவிட் ஹே, ஷ்ராப்ஷையரின் மிடில் என்ற பங்கைப் பற்றிய நூலை வெளியிட்டார். இந்தத் துறையின் உண்மையான முன்னோடி அவ்வூரிலேயே பிறந்த ஒரு குடியானவர்; போதிய புகழ் அடையாதவர். அந்தப் பங்கைச் சேர்ந்த நியூட்டன்-ஆன்-த-ஹில்லில் பண்ணை வைத்திருந்த ரிச்சர்டு கோஃப் 1635-இல் பிறந்து 1723-இல் காலமானவர். லத்தீனும் கொஞ்சம் சட்டமும் அறிந்த அவர், அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் 1700-க்கும் 1702-க்கும் இடையில் தம் ஊர்க் குடும்பங்களின் கதையை எழுதினார். அவர் கையாண்ட முறையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. கோயிலின் இருக்கை வரிசைகளைப் படமாக வரைந்துகொண்டார். ஒவ்வோர் இருக்கையும் ஒரு வீட்டையோ நிலத்தையோ சார்ந்தது. முன்னே கனவான்கள், நடுவே உழவர், பின்னே குடிசைவாசிகள். இருக்கையிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து அதை ஆண்டு அனுபவித்த ஒவ்வொருவருக்கும் அவர் போகிறார். அங்கே மருமகன் வருகிறான், விதவையின் இரண்டாம் கணவன் வருகிறான், லண்டனுக்குப் போன மகன் வருகிறான், குடித்தே பண்ணையைத் தொலைத்தவனும் வருகிறான். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று சிற்றூர்களிலிருந்து உள்நாட்டுப் போருக்குப் போனவர்கள் 20 பேர், மாண்டவர்கள் 13 பேர் என்று எழுதியவரும் அவரே. எந்தப் பதிவேடு இதைச் சொல்லும்?

அந்தக் கையெழுத்துப் பிரதி 1834 வரையில் அச்சேறவில்லை, அப்போதும் முழுமையாக வரவில்லை. முழுப் பதிப்பு 1875-இல்தான் வந்தது. 1968-இல் ஹாஸ்கின்ஸ் முன்னுரை எழுதியும், 1981-இல் ஹே மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தும், அதை ஸ்வாரஸ்யமான ஊர்வம்பாகப் படிப்பவர்களே மிகுதி. அது ஊர்வம்பன்று, உழவனுடைய வம்ச சரித்திரத்தை எழுதத் தக்க முறை எது என்பதற்குக் கிடைத்துள்ள தலைசிறந்த முன்மாதிரி.

ஆகவே பதினாறு, பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில உழவன் ஒருவனைத் தேடப் புறப்படுகிறவர்கள் அவன் பெயரை விட்டுவிட்டு அவன் நிலத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேனர் நீதிமன்றச் சுருளில், குடியானவன் இறந்தான், எஜமானுக்குச் சேரவேண்டிய சிறந்த எருது கொடுக்கப்பட்டது, வாரிசு வந்து நுழைவுக் கட்டணம் செலுத்தி நிலத்தை ஏற்றான் என்ற நான்கு வரிக்குள் மூன்று தலைமுறை நிற்பதுண்டு. மேற்கு மாவட்டங்களின் மூன்று ஆயுள் குத்தகைகளில் கணவன், மனைவி, பிள்ளை ஆகியோர் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறார்கள். சுருள்கள் 1733 வரையில், குடியரசுக் கால இடைவெளி நீங்கலாக, லத்தீனில் இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். வாசகங்கள் திரும்பத் திரும்ப வருபவை, சில மாதப் பயிற்சியில் பழகிவிடும். 1926 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள அவற்றில் மிகப் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பதிவேட்டை அதன்பிறகு திறந்தால் போதும்.