மசூர்க்கா என்னும் உரைகல்

போலந்து இசையமைப்பாளர் ஷோபான் பெயரில் வார்சாவில் 1927இல் தொடங்கிய பியானோப் போட்டிக்கு வித்திட்டது விளையாட்டு மைதானம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய இளைஞர்கள் விளையாட்டில் மயங்கிக் கிடந்ததைப் பார்த்தார் பேராசிரியர் யெஷி ஜுராவ்லெவ். இசையையும் பந்தயமாக்கினால் அவர்கள் ஷோபான் பக்கம் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டார். 1955 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது நடக்கிறது; 2020 போட்டி மட்டும் பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனது. வாசிக்க வேண்டியது ஷோபானை மட்டுமே.

1927இன் முதல் பரிசை மாஸ்கோவின் லெவ் ஓபோரின் கொண்டுபோனார். பாடுவதுபோல் நீளும் நாதம் ரஷ்யப் பாணியின் பெருமை. நடனத்தில் ஊறிய லயம் போலந்துப் பாணியின் பெருமை. 1949இல் போலந்தின் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவும் சோவியத்தின் பெல்லா டவிடோவிச்சும் முதல் பரிசைப் பகிர்ந்தபோது, இரு பாணிகளும் ஒரே மேடையில் சமமாக நின்றன.

பாணி எதுவானாலும் உரசிப் பார்க்கும் கல் மசூர்க்காதான். ஷோபான் பியானோவுக்குக் கொண்டுவந்த, மூன்று எண்ணிக்கையில் ஓடும் போலந்துக் கிராமிய நடனம் அது. அழுத்தம் முதல் எண்ணிக்கையில் நிற்காமல் இரண்டுக்கோ மூன்றுக்கோ நழுவும். எவ்வளவு நழுவ வேண்டும் என்பதை எந்த இசைத்தாளும் முழுதாகச் சொல்லாது. ஆகவே, மண்ணில் பிறந்தவர்க்கே அது கைவரும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. ஆனால் மசூர்க்காவுக்கான தனிப்பரிசை 1955இல் சீனாவின் ஃபூ த்சோங், 1965இல் அர்ஜென்டினாவின் மார்த்தா ஆர்கெரிச், 1980இல் வியட்நாமின் டாங் தாய் சொன் வென்றனர். பிறப்பு தராததைச் செவி தந்தது.

அளவுகோல் பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை. 1955இல் அஷ்கெனாசிக்கு இரண்டாமிடம் கிடைத்ததை ஏற்காத நடுவர் மிக்கேலாஞ்செலி, முடிவில் கையெழுத்திட மறுத்தார். 1980இல் போட்டியாளர் போகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாதபோது, நடுவராயிருந்த ஆர்கெரிச் விலகினார். 1990, 1995 ஆகிய இரு முறையும் முதல் பரிசுக்குத் தகுந்தவர் எவருமில்லை என்று நடுவர் குழு கைவிரித்தது. 2005இலோ போலந்தின் ரஃபாவ் பிலெஹாச் முதல் பரிசோடு தனிப்பரிசுகளையும் சேர்த்து அள்ளினார். இரண்டாம் பரிசு எவருக்கும் தரப்படவில்லை.

1980இல் மசூர்க்காப் பரிசு வென்ற ஹனோய்க்காரர் டாங் தாய் சொன், போர்க்கால வியட்நாமில் தாயிடம் பியானோ பழகத் தொடங்கியவர்; பின்னாளில் மாண்ட்ரியாலில் ஆசிரியரானார். 2021இல் வென்ற புரூஸ் லியூ, 2025இல் வென்ற எரிக் லூ இருவரும் அவரிடம் பயின்றவர்கள். மண்ணின் மைந்தர்க்கே உரியது என்ற மசூர்க்காவை, வார்சா இன்று ஹனோய்க்காரரின் மாணவர்களிடம் கேட்டுத் தலையசைக்கிறது.