அமெரிக்க இலக்கிய வகுப்பின் விதித்தாள்: ஒரு வாசிப்பு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில்தான் அமெரிக்க இலக்கியம் பாடமாக வருகிறது. பள்ளி திறந்த முதல் வாரம் ஆசிரியர் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு தாளைக் கொடுக்கிறார். வகுப்பில் எதிர்பார்க்கப்படுபவை, வகுப்பின் விதிகள் என்கிற மாதிரித் தலைப்பு இருக்கும். மாணவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், பெற்றோரும் போட வேண்டும். பள்ளிகளின் இணையப் பக்கங்களில் இந்தத் தாள்கள் கொட்டிக் கிடக்கின்றன. நாலைந்து படித்தால் போதும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அதேதான். ஹாதார்ன் பற்றியும் மெல்வில் பற்றியும் விமர்சனம் மலைபோல் குவிந்திருக்கிறது. அவர்களைப் படிக்கப்போகிற மாணவன் முதலில் வாசிக்கிற பிரதியோ இது. வெறும் நிர்வாகக் காகிதம் என்று இதைத் தள்ளிவிட்டுப் போகிறோம். இலக்கியம் என்றால் என்ன, வாசிப்பது என்றால் என்ன என்பதை அந்த வகுப்பில் முதலில் வரையறுப்பதே இந்தக் காகிதம்தான் என்பது என் வாதம்.

என்ன சொல்கிறது தாள்? மணி அடிக்கும்போது இருக்கையில் இருக்க வேண்டும். செல்போன் பைக்குள். கட்டுரை ஒருநாள் தாமதமானால் பத்து சதவீதம் போச்சு, சில நாட்கள் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். கலந்துரையாடலில் பேசினால் இத்தனை மதிப்பெண், வாசிப்புக் குறிப்பேட்டுக்கு இத்தனை. காப்பி அடித்தால் பூஜ்யம். இதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இவற்றில் பல ஏவல் வாக்கியங்களாகக்கூட இல்லை, எதிர்காலத்தில் வருகின்றன. மாணவர்கள் நேரத்துக்கு வருவார்கள், புத்தகத்தோடு வருவார்கள், பிறர் கருத்தை மதிப்பார்கள். இது ஆணையா, ஆசையா, ஆரூடமா? ஏவல், வியங்கோள் என்று பிரித்துப் படித்துத் தேர்வு எழுதிய எனக்கே குழப்பம். ஆணையிடுகிறவன் வாக்கியத்திலிருந்து மறைந்துகொள்கிறான். மறைந்த அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோவை இழுக்காமல் பேச முடியாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். முடியும். இலக்கணமே போதும்.

நம்மிடமும் இப்படி ஒரு தாள் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலின் பொதுப்பாயிரம். யாருக்குப் பாடம் சொல்லலாம், கூடாது, எப்படிக் கேட்க வேண்டும் என்றெல்லாம் பவணந்தி விதித்திருக்கிறார். ஆனால் அதில் ஆசிரியனுக்கும் விதி இருக்கிறது. லாயக்கில்லாத ஆசிரியனை ஏறமுடியாத மடற்பனை என்றும், அடுத்த வீட்டில் காய் போடுகிற முடத்தெங்கு என்றும் நன்றாகவே திட்டுகிறார். நான் படித்த அமெரிக்கத் தாள்களில் ஆசிரியரைப் பற்றி இருப்பது அவருடைய மின்னஞ்சல் முகவரியும் அவரைப் பார்க்கக்கூடிய நேரமும். பவணந்தியைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலில் தூங்குகிறவனோடு கள்வனையும் சேர்த்திருக்கிறார் அவர். அந்தக் கள்வனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1989இல் ஆர்தர் ஆப்பிள்பி ஓர் ஆய்வு வெளியிட்டார். அரசுப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் அதிகம் பாடமாகிற பத்து முழுநூல்களில் ஹார்ப்பர் லீ ஒருவர்தான் பெண், வெள்ளையரல்லாதவர் ஒருவரும் இல்லை. எந்தெந்த நூல் பாடமாகலாம் என்று அப்போது அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1990இல் பால் லாட்டர் முதலானோர் தொகுத்த ஹீத் தொகைநூல் வந்தது. இன்று பல பள்ளிகளில் டக்ளஸ் இருக்கிறார், டோனி மாரிசன் இருக்கிறார். பட்டியல் மாறியது. தாள் மாறவில்லை. விளிம்பிலிருந்தவர்கள் மையத்துக்கு வந்தாயிற்று என்று கொண்டாடியவர்கள், அவர்களை எந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை.

இந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர்கள் யார் யார்? அமெரிக்க இலக்கிய வகுப்பில் தவறாமல் வருகிற தோரோ 1837இல் கன்கார்டு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். பிள்ளைகளை அடிக்காமல் பாடம் நடத்தினால் எப்படி என்று மேலிருந்து கேட்டதும், கண்ணில் பட்ட சிலரை அடித்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் நண்பர் பிரான்சன் ஆல்காட் 1834இல் பாஸ்டனில் தொடங்கிய பள்ளியில், தப்பு செய்த பையன் ஆசிரியர் கையில் அடிக்க வேண்டும் என்று ஒரு தண்டனை வைத்திருந்தார். வகுப்பு விதிகளைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்களை வகுப்பு விதிகளுக்குக் கீழே வைத்துப் படிப்பது வேடிக்கைதான். இது சுலபமாகக் கிடைக்கிற முரண், இதில் நின்றுவிடக் கூடாது.

ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு வெளியானது 1845இல், அவர் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஏழு வருஷம் கழித்து. அதன் ஏழாம் அத்தியாயத்தை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பால்டிமோர் தெருவில் பசித்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு வீட்டு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறான் சிறுவன் டக்ளஸ். கப்பல் கட்டும் இடத்தில் மரத்தில் தச்சர்கள் குறித்து வைக்கிற எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகுகிறான். உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று பையன்களைச் சீண்டி, அவர்கள் எழுதிக் காட்டுவதைப் பிடித்துக்கொள்கிறான். வேலியும் சுவரும் பலகை, சுண்ணக்கட்டி பேனா. கடைசியில் எஜமான் வீட்டுப் பையன் தாமஸ் எழுதி முடித்துப் போட்ட காப்பி நோட்டில் காலியாய் இருக்கிற இடங்களில், அவன் எழுதியதையே பார்த்துப் பார்த்து எழுதுகிறான். அவன் கையெழுத்தும் தாமஸ் கையெழுத்து மாதிரியே ஆகிவிடுகிறது.

இதற்குப் பெயர் காப்பி அடிப்பது. அடுத்தவன் நோட்டு, அடுத்தவன் எழுத்து, அனுமதி கிடையாது. அமெரிக்க உரைநடையின் பெரிய கை ஒன்று இப்படித்தான் உருவானது. தாளின் நேர்மை விதியில் இந்தச் செயலுக்கு இடமில்லை. பவணந்தியிடமும் கள்வன் என்ற சொல்லில் அடிபட்டுப் போயிருக்கும். எழுத்து ஒருவனுடைய சொத்து, எடுத்தவன் திருடன் என்பது தாளின் அனுமானம். தானே இன்னொருவனின் சொத்தாக இருந்தவன் எழுத்தைத் திருடினால்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அந்த அத்தியாயத்தைப் பாடமாக வைக்க வேண்டும். தாள் கேட்கவிடாமல் முன்கூட்டியே பதில் சொல்லி வைத்திருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு பல தாள்களில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. இயந்திரத்தை எழுதவைத்தால் அதுவும் திருட்டு, அதே பூஜ்யம். எனக்கு இதில் உடன்பாடில்லை, இயந்திரத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பார்த்து எழுதுகிறபோது எழுத்து கைக்குள் ஏறுகிறது. இயந்திரத்திடம் எழுதி வாங்குகிறபோது கைக்கு வேலையே இல்லை. ஒன்றில் படிப்பு நடக்கிறது, மற்றதில் படிப்பு தவிர எல்லாம் நடக்கிறது. இரண்டையும் ஒரே தலைப்பில் போடுகிற தாளுக்குக் கவலை சொத்தைப் பற்றித்தான், படிப்பைப் பற்றி இல்லை.

வாசிப்பின் சக்தியை இந்தப் பாடத்திட்டத்தில் முழுசாக நம்புகிறவன் யார் என்று கேட்டால் ஹ்யூ ஆல்டைத்தான் சொல்வேன். டக்ளஸுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த மனைவியைத் தடுத்த எஜமான். படித்தால் அடிமை கெட்டுப்போவான், அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போவான் என்றான். சரியாகச் சொன்னான். 1739 கலகத்துக்கு அடுத்த வருஷம், அடிமைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் நூறு பவுன் அபராதம் என்று தென் கரோலினா சட்டம் போட்டது. அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தாளுக்கோ வாசிப்பு என்பது பதினைந்து மதிப்பெண் சமாச்சாரம்.

அந்த நம்பிக்கை இன்னும் சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாரிசனின் ‘பிலவட்’ (1987) மகனுக்குப் பாடமாக வந்ததை வர்ஜீனியாவில் ஒரு தாய் எதிர்த்தார். பாலியல் விவரம் உள்ள பாடநூலைப் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லி, வேண்டாமென்றால் மாற்று நூல் தர வேண்டும் என்று சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 2016இல் ஆளுநர் டெரி மெக்காலிஃப் தடுத்தார். 2021 தேர்தலில் அந்தத் தாய் கிளென் யங்கினின் விளம்பரப் படத்தில் பேசினார். யங்கின் ஜெயித்து 2022இல் அதே போக்கில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெற்றோர் கையெழுத்துக் கோடு இப்போது வேறு கனம் பெறுகிறது. நாவலைப் பயந்து எதிர்க்கிறவர்கள் அதன் வலுவை உணர்கிறார்கள், தப்பான காரணத்துக்காக. அந்த நாவலில் ஒரு பாத்திரத்துக்குப் பெயரே ஸ்கூல்டீச்சர். செத்தேயின் மனிதக் குணங்களை இடப்பக்கம், மிருகக் குணங்களை வலப்பக்கம் எழுதுங்கள் என்று மாணவர்களுக்கு வேலை கொடுக்கிறான். எழுதுகிற மை செத்தே காய்ச்சிக் கொடுத்தது. இரண்டு பத்தி போட்டு மதிப்பிடுகிற வகுப்பறையை இதைவிடக் கடுமையாக யாரும் விசாரித்ததில்லை. மாற்று நூல் கேட்கிற பெற்றோர் இந்தப் பக்கத்தைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. பயந்திருக்க வேண்டியது இதற்குத்தான்.

ஆசிரியரைக் குற்றவாளியாக்குவது எனக்கு நோக்கமில்லை. நாளுக்கு ஐந்து வகுப்பு, நூறுக்கு மேல் பிள்ளைகள், புகார் சொல்லும் பெற்றோர், மேலே நிர்வாகம். தாள் அவருக்குக் கவசம். முதல் வாரம் இந்தத் தாளுக்குப் பதில் டக்ளஸின் ஏழாம் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு, இந்த வகுப்புக்கு விதி என்னவாக இருக்கட்டும் என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னால் என்ன? விதிகளை மாணவரோடு சேர்ந்து எழுதுகிற ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், புதுசு இல்லை. காப்பி அடிப்பது பற்றி அந்தப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று படித்துப் பார்க்க எனக்கு ஆசை. தாமதக் கட்டுரைக்கு அவர்களே இருபது சதவீதம் பிடிக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.