ஒப்பாரி வந்ததும் ஒலிபெருக்கி நின்றுவிடுகிறது

விளையாட்டுப் பக்கத்தில் பாட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு தேதி: 2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகத்தின் பல நாட்டு அணிகள் அரங்கில் இருக்க, பாடகி தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடினார்கள். அந்தப் பாட்டை எழுதி, அதில் பெரும்பகுதியைப் பாடிய அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார், அதனால் வர முடியவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்பு பின்னர் விளக்கம் சொன்னது. எழுதியதும் மெட்டுப் போட்டதும் தானே என்று அறிவு அறிக்கை விட்டார். மெட்டுப் போட்டது தானும் தீயும், இசை தன்னுடையது, வருமானம் எல்லோருக்கும் சமம் என்று சந்தோஷ் பதில் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு சதுரங்கத்தைவிட இதுதான் பேச்சாக இருந்தது.

அந்த வழக்கில் நான் அம்பயர் இல்லை. என் வேலை ஆட்டத்தைப் பார்த்து எழுதுவது. அப்படிப் பார்த்தால் ‘என்ஜாய் எஞ்சாமி’ தமிழில் இந்த இருபது ஆண்டுகளில் ஆடப்பட்ட மிகத் தந்திரமான ஆட்டங்களில் ஒன்று. 2021 மார்ச்சில் வெளியானது. யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. கல்யாண வீடு, கல்லூரி விழா, ஐபிஎல் சீசன் என்று எங்கும் ஒலித்தது. இவ்வளவு பேர் ஆடிய அந்தப் பாட்டுக்குள் இருப்பது நிலமில்லாத ஒரு கிழவியின் கணக்கு வழக்கு.

கிழவியின் பெயர் வள்ளியம்மாள். அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று விட்டார்கள். அதை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். மலையைத் தோட்டமாக்கியவர்கள் கையில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இங்கே வந்து இறங்கினார்கள். அறிவு இதையெல்லாம் பாட்டில் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். தோட்டம் செழித்தும் போட்டவளின் தாகம் தீரவில்லை என்று ஒரே ஒரு இடத்தில் சொல்கிறது பாட்டு. அதைத் தீ பாடுகிறார். அங்கே தாளம் கொஞ்சம் பின்வாங்கி, குரலுக்கு வழிவிடுகிறது. அப்புறம் ஒப்பாரிச் சாயல் ஏறுகிறது. கூர்ந்து கேட்டால் பாட்டு முழுவதும் அந்த இடத்துக்கு வரத்தான் ஓடிவந்திருக்கிறது என்று தெரியும்.

இப்போது தாம்பரம் பக்கத்துச் சேலையூருக்கு வாருங்கள். ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, இன்னும் வீடு எழும்பாத ஒரு காலி மனைத் தொகுதி. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட். எட்டு ஓவர் மேட்ச். லாங் ஆன் பக்கம் யாரோ காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டதால் அந்தப் பக்கம் அடித்தால் இரண்டே ரன், சுவரைத் தாண்டினால் அவுட். ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர், ஒரு லேப்டாப், மைக்கோடு ஒரு தம்பி. சிக்ஸ் போனால் அனிருத், விக்கெட் விழுந்தால் எஞ்சாமி. பையன்கள் கல்லிப் பாயிண்டில் நின்றபடியே தோளைக் குலுக்குகிறார்கள். பாட்டு சரியாக அந்தத் தாகத்தை நெருங்கும்போது தம்பி அதை வெட்டி, மறுபடி முதல் வரிக்கே கொண்டுபோகிறான். ஏன்டா அங்கேயே நிறுத்துறே என்று கேட்டால், “அண்ணா, அந்த இடம் வந்தா பசங்க உட்கார்ந்துடுவாங்க” என்கிறான்.

இதைவிட நறுக்கான விமர்சனத்தை நான் எந்த இசைப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அவனுக்குப் பாட்டு தெரியும். எங்கே கால் ஆடும், எங்கே கால் நிற்கும் என்று தெரியும். கால் நிற்கிற இடத்தில்தான் அரசியல் இருக்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஏரியும் குளமும் மனிதனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தல்ல என்று பாடுகிற பாட்டு அது. சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி என்று ஒன்றன் தண்ணீர் இன்னொன்றுக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர வேண்டிய நாட்டில், கலங்கலுக்கு எதிரேயே மனை விற்கிறோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தின் அந்தப் பக்கம், முடிச்சூரில், தண்ணீர் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அறிவின் திறமை எங்கே, பலவீனம் எங்கே என்று பிரித்துப் பார்ப்போம். அரக்கோணத்துக்காரர். வெளிச்சத்துக்கு வந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வழியாக. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு மேடை ஏறினார்கள். கோட்டு சூட்டுப் போட்ட கானாப் பாடகர்களை சென்னை அதுவரை பார்த்ததில்லை. சாவு வீட்டில் விடிய விடிய பாடப்பட்ட கானா, பீச்–தாம்பரம் ரயிலில் கல்லூரிப் பையன்கள் பெட்டியின் தகரத்தைத் தட்டிப் பாடிய கானா, அன்று கிட்டாருக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, கையால் மலம் அள்ளும் கொடுமை எல்லாம் பாடுபொருள். குழுவில் இருந்த ஒரே பெண் குரல் இசைவாணி. சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி அவர் பாடிய பாட்டுக்காக ஆண்டுகள் கழித்தும், 2024-லும், அவர்மீது புகார்கள் கிளம்பின. பிபிசியின் 2020-ம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர் அவர் என்பது புகார் கொடுத்தவர்களுக்குத் தடையாக இல்லை.

அந்தக் கூட்டத்தில் அறிவுக்குக் கிடைத்தது சின்னச் சின்ன இடங்கள். ஒரு கானாப் பாடகர் இழுத்துப் பாடி முடித்ததும் இவர் வந்து சரசரவென்று பொழிந்துவிட்டு விலகிக்கொள்வார். அது அவருக்குப் பொருந்தியது. 2019-ல் இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது முழு ஆட்டத்தையும் தானே ஆட வேண்டியிருந்தது. அதில் வரும் ‘ஆன்டி இந்தியன்’ கோபமான பாட்டு, நேர்மையான கோபம். ஆனால் மூச்சு விடாமல் சொல்வதே வீரம் என்ற ராப் பாடகர்களின் பொது நோய் அதில் உண்டு. ஒரு வரி உள்ளே போவதற்குள் அடுத்த வரி வந்து முட்டுகிறது. கேட்பவன் கைதட்டுகிறான், வீட்டுக்குப் போனால் வரி நினைவில் இல்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டப் போராட்டங்களின்போது வந்த ‘சண்டை செய்வோம்’ இந்தச் சிக்கலிலிருந்து தப்பியது. காரணம், கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு அதில் ஒரு பிடி இருந்தது. அவர் சொல்லை மட்டும் நம்பாமல் கூட்டத்தின் தொண்டையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

தெருக்குரலில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது ‘ஸ்னோலின்’. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த இளம்பெண்ணின் பெயர். 13 பேர் உயிரிழந்த சம்பவம் அது. எத்தனையோ கண்டன அறிக்கைகள் வந்தன. அந்தப் பாட்டு கண்டிப்பதற்கு முன் அழுகிறது. எஞ்சாமியின் விதை அங்கேயே இருக்கிறது என்பேன். அறிவின் பலம் வேகத்தில் இல்லை, வேகத்தைக் குறைக்கத் துணிவதில் இருக்கிறது.

வேகத்தைக் குறைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 2012 பிப்ரவரி 5, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சி, மடோனாவோடு மேடை. அந்த நாட்டில் அதைவிடப் பெரிய விளையாட்டு மேடை கிடையாது. ஈழத்துப் போரையும் அகதி வாழ்க்கையையும் ஆண்டுக்கணக்கில் பாட்டில் கொண்டுவந்தவர், அங்கே காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். லீக் நிர்வாகம் முதலில் 15 லட்சம் டாலர் கேட்டது, பிறகு ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் ஏற்றியது. 2014-ல் வெளியே சொல்லாமல் சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய களத்தில் அவ்வளவு மலிவான ஷாட். அவரே 2015-ல் ‘பார்டர்ஸ்’ காணொளியில் செய்தது வேறு ரகம். பாரீஸ் செயின்ட் ஜெர்மைன் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டார். நெஞ்சில் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடற்கொள்ளையர் என்று மாற்றியிருந்தார். சுற்றிலும் வேலி ஏறும், படகில் நெருக்கியடித்துக் கிடக்கும் ஆட்கள். அணி நிர்வாகம் காணொளியை எடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. விரலைவிட ஒரு ஜெர்சி அதிகம் பேசியது.

பாட்டால் ஏதாவது நடக்குமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு சோஃபியா அஷ்ரஃபைக் காட்டலாம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் பற்றி 2015 ஜூலையில் ஒரு ராப். நிக்கி மினாஜின் மெட்டிலேயே பாடினார், அந்த அம்மையாரே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. வெற்றி பதினைந்து வருஷம் விடாமல் போராடிய தொழிலாளர்களுடையது. பாட்டு கடைசி ஓவரில் வந்து இரண்டு நல்ல ரன் எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு ரன் வேண்டியிருந்தது.

மறுபடி எஞ்சாமி விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை உறுத்துவது மேடையைவிட ஸ்கோர் கார்டு. யூடியூபில் அந்தப் பாட்டின் தலைப்பைப் பாருங்கள். முதலில் தீயின் பெயர், அடுத்து ‘உடன்’ என்ற பொருளில் ஓர் ஒட்டு, அதற்குப் பிறகு அறிவு, அடைப்புக்குறிக்குள் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். தன் பாட்டியின் கதையில் அவர் விருந்தாளி. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயையும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டுவிட்டு அறிவை விட்டபோது இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு டிஜிட்டல் அட்டை ஒன்று அறிவுக்கு வந்தது. அதே ஒலிம்பியாட்டில் மாமல்லபுரத்தில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றார். ஒவ்வொன்றும் எந்தப் பலகையில், எந்தக் காயில், எத்தனை நகர்த்தலில் என்று உலகம் உள்ளவரை இருக்கும். சதுரங்கத்தில் உதவியாளர் காயை நகர்த்திவிட்டுப் பெயரை வேறொருவருக்குப் போட முடியாது.

பணக் கணக்கிலும் யாரும் ஜெயிக்கவில்லை. அந்தப் பாட்டிலிருந்து இதுவரை ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார். அவருக்கும் இல்லை, தீக்கும் இல்லை, அறிவுக்கும் இல்லை. நாற்பது கோடி தடவை ஓடிய ஆட்டத்துக்கு மேட்ச் ஃபீஸ் பூஜ்யம்.

அதே 2024-ல் அறிவு தன் சொந்தக் குழுவோடு ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். எஞ்சாமி அளவுக்கு அது தெருவில் ஒலிக்கவில்லை. ‘வாத்தி ரெய்டு’ போலத் திரைப்பாட்டு எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் கூட்டமும் அதற்கு இல்லை. ஆனால் பெயர் வைப்பதில் இந்த முறை மனிதர் உஷாராக இருந்தார். தொகுப்பின் தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. இனிமேல் எந்த மேடையில் யார் பாடினாலும், மைக் பிடிக்கிறவர் முதலில் கிழவியின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.