பழமொழிக்கு அர்த்தம் கேட்பவர்கள்

மனச்சிதைவு உள்ளவரின் பேச்சு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கேட்பவரின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டவை. எண்ணங்களைக் கோக்கும் சரடு அறுந்துபோவதே இந்நோயின் அடிப்படை என்று 1911இல் வெளியான நூலில் ப்ளாய்லர் சொன்னார். சரடு அறுந்ததற்குச் சாட்சி நோயாளியின் பேச்சு. பேச்சு குழம்பினால் சிந்தனை குழம்பியதாகக் கொள்ளும் சமன்பாடு அன்றே உறுதிப்பட்டுவிட்டது.

1944இல் காசனின் தொகுத்த நூலில் பெஞ்சமின் பழமொழிச் சோதனையை முன்வைத்தார். பழமொழிக்குப் பொதுப்பொருள் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொன்னால், அருவமாகச் சிந்திக்கும் திறன் குலைந்துவிட்டது என்று பொருள். இதை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். 'கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்பும் ஒரு சம்சாரியிடம் கேட்டால், "முத்துன காயை எவன் வாங்குவான்? பிஞ்சுலயே பறிச்சிரணும்" என்று அவர் சொல்லக்கூடும். கேஸ் ஷீட்டில் இது குறைபாடு. வயக்காட்டில் இது அறிவு. அருவச் சிந்தனை என்ற பெயரில் இங்கே அளக்கப்படுவது பள்ளிக்கூடம் போன வருஷங்களோ என்று கேட்காமலிருக்க முடியாது. 1931-32இல் உஸ்பெக் விவசாயிகளிடம் லூரியா கண்டதும் இதைத்தான்: எழுத்தறியாதவர்கள் கோடாலியையும் மரத்தையும் ஒரே கூட்டத்தில் வைத்தார்கள். அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை.

மொழியியலாளர்களும் ஒத்துப்போகவில்லை. இது தனி வகை மொழிக்கோளாறு என்று 1974இல் எலைன் சைக்கா எழுதினார். அவர் காட்டிய பிழைகள் பலவும் எல்லோர் நாக்கிலும் புரளுபவைதான் என்று அடுத்த வருஷமே விக்டோரியா ஃப்ராம்கின் மறுத்தார். பேச்சு தடம் புரள்வது பித்துநிலை நோயாளிகளிடமும் உண்டு என்று 1979இல் ஆண்ட்ரியாசன் காட்டினார். பெரும்பாலோரிடம் இலக்கணம் அவ்வளவாகச் சிதைவதில்லை. 'அவன்' என்றால் எவன் என்று கேட்பவருக்கு விளங்கவைப்பதில்தான் சிக்கல். தமிழிலோ எழுவாயையே விட்டுவிட்டு 'வந்தான், போனான்' என்று பேசுகிறோம். ஆங்கிலத்துக்குச் செய்த அளவுகோல் இங்கே எதை அளக்கும்?

இதைச் சொன்னதும் நம் கோட்பாட்டு நண்பர்கள் கை தட்டுவார்கள். தெலூசும் கத்தாரியும் 1972இல் எழுதிய நூலைக் காட்டி, சிதைந்த பேச்சே கலகம் என்பார்கள். அதுவும் கேட்காத காதுதான். குரல்கள் தூங்கவிடாமல் துரத்த, சோறு இறங்காமல் கிடப்பவருக்கு அது கலகம் அல்ல, வதை. மருந்து வேண்டும், கூட ஆள் வேண்டும்.

தமிழில் வேறு வழியைக் காட்டியவர் மதுரையில் பிறந்த கோபிகிருஷ்ணன் (1945-2003). 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளிகளைத் தங்கள் வாயாலேயே பேசவிடுகிறது. வியாக்கியானம் குறுக்கே வருவதில்லை. நோயை மறைக்கவும் இல்லை, அலங்கரிக்கவும் இல்லை. பேச்சை அறிகுறியாகவும் சொல்லாகவும் ஒரேசமயத்தில் வாசிக்கும் பயிற்சி அந்தப் பிரதியில் கிடைக்கிறது.

இது இலக்கிய ருசி பற்றிய விவகாரம் மட்டுமில்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீயில் 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். சொல் சொல்லாக மதிக்கப்படாத இடத்தில்தான் சங்கிலி வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தந்தது. எழுதிவைத்ததை யார் வாசிக்கப்போகிறார்கள், எந்தக் காதோடு? சட்டம் போட்டதோடு இந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. களத்தில் இருப்பவர்களும் எழுதுகிறவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அது.