கொலைக்குப் பின் உடைந்த சிலம்பு

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே பூம்புகாருக்குச் செல்வோர், 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கோவலன் கதையைச் சிற்பங்களாகக் காணலாம். காவிரிக்கரைச் சபைகளின் அருளுரைகளிலும் அக்கதை அவ்வப்போது இடம்பெறுகிறது. அங்கே நாம் வழக்கமாக எடுத்துக்கொள்வது கண்ணகியின் கற்பையும், தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்த பாண்டியனையும்தான். மனந்திரும்புதலுக்குப் பாண்டியனைச் சான்று காட்டுதல் எளிது. ஆயினும் காப்பியத்தை ஒரு வழக்காகப் படிப்போர்க்கு, அவன் மனந்திரும்பியதைவிட முன்னர் விசாரியாதிருந்ததே பெரிதாகத் தோன்றும்.

பொற்கொல்லன் உரைத்ததில் ஒரு பாதி மெய். கோவலனிடம் சிலம்பு இருந்தது. அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த மன்னன், சிலம்பு அவனிடம் இருக்குமாயின் கொன்று கொணர்க என்று காவலர்க்கு ஆணையிடுகிறான். பொருளைக் கண்டதே குற்றத்தைக் கண்டதாக ஆகிவிட்டது. கொலைக்களக் காதையில் காவலர் கோவலனைப் பார்த்து, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். அவர்களுடைய ஐயத்தைப் பொற்கொல்லனின் சொல்வன்மை அடக்குகிறது. குடிவெறி கொண்ட ஒருவனின் வாள் முடித்துவைக்கிறது. உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்பதை முன்னரே கேட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். அவ்வினா எழுந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

நம் காலத்திலும் இவ்வாறு திறவாத சிலம்பொன்று இருந்தது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 19 வயதுப் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். இரண்டு 9 வோல்ட் மின்கலங்களை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்ததாக அவருடைய வாக்குமூலம் கூறியது. காவல் கண்காணிப்பாளர் முன் அளிக்கும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கத் தடாச் சட்டம் இடமளித்தது. தடாக் குற்றங்கள் இவ்வழக்குக்குப் பொருந்தா என்று 1999இல் கூறிய உச்ச நீதிமன்றமே, அச்சட்டப்படி பெற்ற வாக்குமூலங்களை மட்டும் ஏற்று, நால்வரின் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. அவ்வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகப் பேசினார்: மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக அவர் தெரிவித்தார். விடுபட்டது ஒரு வாக்கியம். அது அறிந்து செய்த செயலா, அறியாது செய்த செயலா என்பது அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. கோவலன் குற்றமற்றவன் என்பதற்குப் புலவரே சான்று. பேரறிவாளனுக்கு அத்தகைய புலவர் எவருமில்லை. 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்ததற்குக் காரணம் கருணை மனுவின் தாமதம். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோதும், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. தாயார் அற்புதம் அம்மாள் 31 ஆண்டுகள் வாயில்தோறும் நின்று பெற்றது மகனை; அவ்வாக்கியத்துக்குரிய தீர்ப்பை அல்ல.

அருளுரையாளர் தவறவிடும் மற்றோர் இடம் உரைபெறு கட்டுரை. பாண்டிய நாடு மழையின்றி வாடியதும், கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம், மழையும் பெய்ததாம். பொய்யுரைத்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். நூல் இதனைச் சாந்தி என்றே பதிவு செய்கிறது. கற்றோரும் பெரும்பாலும் கேள்வியின்றிக் கடக்கின்றனர். எனக்கோ காப்பியத்தின் மிகப் பெரிய தவறான தண்டனை கோவலனுடையதன்று, இதுவே எனப்படுகிறது. ஒரு நாட்டின் துயரம் தண்டிக்கப்படுவோரின் எண்ணிக்கையில் ஆறுதல் தேடுகிறது. 1998இல் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்ததையும், மறு ஆண்டே அவர்களில் 19 பேர் விடுதலையானதையும் இத்துடன் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

உபாகமம் 19 பொய்ச்சாட்சியின் தண்டனையை அவன்மேலேயே சுமத்துகிறது. அவன் குலத்தார்மேல் அன்று. மோசேயின் சட்டமும் மரணதண்டனையை விதித்ததே என்பார் உளர், உண்மைதான். ஆனால் அச்சட்டம் நன்றாய் விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. ஒரே சாட்சியின் வாக்கினால் எவனும் கொல்லப்படலாகாது என்கிறது. சாட்சியின் கையே முதலில் கல்லெறியவேண்டும் என்றும் விதிக்கிறது (உபாகமம் 17). பொற்கொல்லன் வாளைத் தொடவில்லை. வாக்குமூலம் எழுதிய கையும் தூக்குக் கயிற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை. நாபோத்தின் வழக்கிலோ சாட்சிகள் இருவர் இருந்தும் நீதி புரண்டது. ஆகவே எண்ணிக்கையும் போதாது. தள்ளுபடி ஆகமத்தின் சூசன்னாள் கதையில் தானியேல் சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் என்று கேட்கிறான். நாம் அந்நூலைத் திருமறையில் சேர்ப்பதில்லை. ஆயினும் அந்த வினா பாண்டியன் அவையில் எழவில்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். வழக்குரை காதையிலிருந்து அருளுரை ஆயத்தம் செய்வோர், முதலில் கொலைக்களக் காதையையும் பின்னர் உரைபெறு கட்டுரையையும் படித்துவிட்டுப் பாண்டியனிடம் வருதல் நலம்.